நடைப்பக்கத்துக் குரோட்டன்கள்

இலையின் அடிப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. தாபந்தேக்கு அதுதான் பிடிக்கவில்லை.

போன வாரம் இதே குரோட்டன்ஸ் செடியில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது ஒரு சந்தையே கூடியிருந்தது. முதுகில் இரண்டு கறுப்புப் பொட்டுகளோடு சிலந்திப்பேன்கள் நரம்போரமாக மந்தமாய் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில், மினுமினுவென்று, ஒரு இடத்தில் நிற்கத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன வேட்டைப்பேன்கள். அவள் புட்டியிலிருந்து தூவி விட்டவை. ஒன்று ஒரு சிலந்திப்பேனைப் பிடித்து, அது வெறும் தோலாகும்வரை உறிஞ்சியதை அவள் நின்று பார்த்திருந்தாள். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது.

இன்று பகையும் இல்லை, படையும் இல்லை. இலை துலக்கிய தட்டு மாதிரி இருந்தது. வேட்டைப்பேன்கள் புட்டிக்குள் உமித்தூளோடு கலந்துதான் வரும்; தூவியபின் அந்தத் தூள் இலைமேல் வாரக்கணக்கில் கிடக்கும். இப்போது அதுவும் ஒரு துகள்கூட இல்லை.

அவள் இலையை மூக்கருகே கொண்டுபோனாள். மருந்து வாடை இல்லை. இன்னதென்று சொல்ல முடியாத ஒரு லேசான புளிப்பு மட்டும் இருந்தது. இப்போது வரும் மருந்துகளுக்கு வாடையே கிடையாது என்று மன்சூர் ஒருமுறை பெருமையடித்தது நினைவுக்கு வந்தது.

மன்சூர் அவள் கணவன் ஹுஷங்குக்கு அண்ணன். ஈரானில் செடி வளர்ப்புக்குப் பேர்போன மஹல்லாத் ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதுபோல அவர்களுக்கும் அப்பா விட்டுப்போன ஒரு பசுமைக்குடில் இருந்தது. மலையடிவாரத்தில், ஓடைக்கு மேலே, நீளமான பிளாஸ்டிக் கூரை. ஒரு பாதியில் மன்சூரின் பனைகளும் அகல இலைச் செடிகளும். மறுபாதியில் இவர்களுடைய குரோட்டன்கள். நடுவே சுவர் கிடையாது. ஒரு பாதியில் அடிக்கிற மருந்து மறுபாதிக்கு வராமல் இருக்க வழியும் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மருந்தடித்துக்கொண்டிருந்த ஹுஷங் செடிகளுக்கு நடுவே வாயில் நுரையோடு விழுந்தான். பிழைத்தான். கைநடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. அராக் நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர் தாபந்தேயைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு தடவை இவர் இந்தக் காத்தை இழுத்தா என்கிட்ட கொண்டுவராதீங்க, பிரயோஜனம் இருக்காது" என்றார். ஆகவே, குடிலில் மருந்து என்றால் ஹுஷங் இல்லை. ஹுஷங் என்றால் மருந்து இல்லை. மருந்து திரும்பி வந்தால் பாதிப் பங்கை மன்சூரிடமே கொடுத்துவிட்டு, அராக்கில் அவள் தம்பியின் மாடியறைக்குப் போக வேண்டியதுதான். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஹுஷங் காலையில் எழுந்திருப்பதே குடில் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதற்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மாடியறையில் அவன் எதற்காக எழுந்திருப்பான் என்று யோசிக்கத் தொடங்கினால் அவளால் மேலே யோசிக்க முடிவதில்லை.

நகரத்துச் செடி மருத்துவமனையில் விசாரித்து வேட்டைப்பேன்களை வரவழைத்தவள் அவள்தான். மன்சூர் அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பிலும் 'கானும்' என்கிற மரியாதையை விடவில்லை.

"ஊர்ல எல்லாரும் பேனைக் கொல்லக் காசு குடுக்குறாங்க. காசு குடுத்துப் பேனை வாங்கி வீட்டுக்குள்ள விடுற முதல் ஆள் நீங்கதான், தாபந்தே கானும்."

"ஒரு குளிர்காலம் பொறுங்க, மன்சூர் கான்."

"பொறுக்கிறேன். ஆனா புத்தாண்டு லாரி வர்றதுக்கு முன்னால, வருஷக் கடைசி மாசம் இஸ்ஃபந்த் பிறந்ததும் நான் வந்து பாப்பேன். வலை கண்ணுல பட்டுதுன்னா மருந்துதான். தெஹ்ரான்காரன் வலை கட்டின செடியை ஏத்த மாட்டான். என் பனையையும் சேர்த்துத்தான் தள்ளிட்டுப் போவான்."

அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் இப்போது அவளுக்கு நெருடியது. மன்சூர் அவ்வளவு சுலபமாக ஏன் ஒத்துக்கொண்டார்?

அவள் அந்த வரிசை முழுவதும் பார்த்தாள். வாசலிலிருந்து நடைபாதையை ஒட்டியே போகும் வரிசை அது. வாசல் பக்கத்துச் செடிகளெல்லாம் சுத்தம். பாதி தூரத்துக்குமேல் பழையபடி சந்தை. உள்வரிசைகளில் வேட்டைப்பேன்கள் நன்றாகவே இருந்தன. ஒரு மனிதன் நடைபாதையில் நடந்தபடியே தெளிப்பானை நீட்டினால் எது நனையுமோ அது மட்டும் நனைந்த மாதிரி.

அன்றைக்கு அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஹுஷங்கிடம் அவள் குடில் விஷயம் எதையும் சொல்வதில்லை. கவலைப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புட்டி வந்தது, தூவியாயிற்று, எல்லாம் நல்லபடி என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அவனும் கேட்பதில்லை. இருவரும் நிறைய நேரம் பேசாமல் இருந்து பழகிவிட்டார்கள். அந்தப் பேசாமைக்குள் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

அடுத்த சில நாட்களில் இஸ்ஃபந்துக்கு முந்தைய பஹ்மன் மாதத்தின் கடைசிப் பனி விழுந்தது. கணப்பு இரவும் பகலும் எரிந்து காற்றை உலர்த்தியது. சிலந்திப்பேனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். சுத்தமாக இருந்த வாசல் பக்கத்து இலைகளில் ஊசியால் குத்தினாற்போல வெளிர்ப்புள்ளிகள் தோன்றின. பிறகு, தினம் கொஞ்சம் தூரம், வரிசை வழியாகவே உள்ளே நடந்து போயின. இலைக்காம்புகளில் வலை மின்னியது. வேட்டைப்பேன் ஒன்றுகூட இல்லை. மருந்து அடித்தால் இப்படித்தான் ஆகும் என்று செடி மருத்துவமனைப் பெண் எச்சரித்திருந்தாள். நல்லது முதலில் செத்துவிடும். மருந்துக்குப் பழகிப்போன கெட்டது பிழைத்துப் பெருகும்.

கருவி அறைக்குப் போய்ப் பார்த்தாள். மன்சூரின் முதுகுத் தெளிப்பான் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலை நுனிக்குழலில் வைத்தாள். ஈரம்.

அந்த ஈரத்தை அவள் வெகுநேரம் விரலிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இனி எல்லாம் பொருந்தியது. சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டது, சாவி அவரிடம் இருப்பது, மத்தியானம் ஊர் தூங்கும்போது அவருடைய வண்டி வெளியே நிற்பது. மருந்தைக் கொஞ்சமாக அடித்து, அவளுடைய படையை மட்டும் ஒழித்துவிட்டு, இஸ்ஃபந்த் பிறந்ததும் வந்து வலையைக் காட்டுவார். பங்கு கைக்கு வந்துவிடும். ஹுஷங்கும் உயிரோடு அராக்குக்குப் போய்விடுவான். யாருக்கும் பாவமில்லை. இவ்வளவு நேர்த்தியாக ஒருவர் திட்டம் போட முடியுமா என்று யோசித்தபோது, போட்டது மன்சூரா தானா என்று ஒரு கணம் அவளுக்கே குழம்பியது. ஆனாலும் விரல் ஈரமாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மன்சூர் உள்ளே வந்தார்.

"என்ன கானும், தெளிப்பானுக்குக் கை குடுத்துட்டு இருக்கீங்க?"

"இது ஏன் ஈரமா இருக்கு?"

"கழுவினேன். ஈரமா இருக்கு. கழுவினா ஈரமாத்தான் இருக்கும்."

"எதுக்கு அடிச்சீங்க?"

"வாதாம் மரத்துக்கு எண்ணெய் அடிச்சேன். மொட்டு விடுறதுக்கு முன்னால வருஷா வருஷம் அடிக்கிறதுதானே. என்ன விசாரணை இது?"

"நடைப்பக்கத்துக் குரோட்டன் எல்லாத்துலயும் என் பேன் செத்துப்போச்சு. உள்பக்கம் ஒண்ணும் ஆகல. அது எப்படி, மன்சூர் கான்?"

அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"நான் மருந்தடிச்சேன்னு சொல்றீங்க."

அவள் விரல் ஈரத்தைச் சட்டையில் துடைத்தாள்.

"அவன் தினம் உக்காந்து மூச்சு விடுற இடத்துல. என் தம்பி. அவன் விழுந்த அன்னிக்கு அவனைத் தோள்ல தூக்கிட்டு ஓடினவன் நான். நீங்க செருப்பு தேடிட்டு இருந்தீங்க." அவர் குரல் கிறீச்சிட்டது. "போங்க, போய் என் வாதாம் மரத்தை நக்கிப் பாருங்க. எண்ணெய்தானான்னு தெரியும்!"

கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அறைந்திருந்தால் அவளுக்கு நம்புவது எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் சந்தேகம் போகவில்லை. குற்றவாளிக்குத்தான் அவ்வளவு கோபம் வரும் என்று ஒரு மனம் சொன்னது. கோபம் வராதவன் என்ன மனிதன் என்று இன்னொன்று சொன்னது. இஸ்ஃபந்த் பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான். கையும் களவுமாகப் பிடித்தால் ஒழிய இனி அவள் பேச்சுக்கு மதிப்பில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து ஹுஷங் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்ததும், அவள் பின்கதவு வழியாகக் குடிலுக்குள் போனாள். மன்சூரின் பனைகளுக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். கூரையில் பனி உருகிச் சொட்டியது. தன்னைப் பார்க்கத் தனக்கே கூச்சமாக இருந்தது. கிட்டத்தட்ட கிளம்பிவிடலாம் என்று நினைத்தபோது வாசல் கதவு திறந்தது.

வந்தவன் ஹுஷங்.

ஒரு கையில் குட்டை நாற்காலி. மறுகையில் ஆவி பறக்கும் கிண்ணம். தோளில் வெள்ளைத் துணி. அவன் நடந்து வந்து, வரிசையின் நடுவில், நேற்று எங்கே விட்டோம் என்று தெரிந்தவனைப்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். துணியைக் கிண்ணத்தில் நனைத்துப் பிழிந்தான். முதல் இலையை இடது உள்ளங்கையில் ஏந்தி, மேலே துடைத்து, புரட்டி அடியிலும் துடைத்தான். அடுத்த இலை. அதற்கடுத்தது. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் தளும்பும் அந்தக் கை, இலை அதன்மேல் கிடக்கும்போது அசையவில்லை. ஒரு செடி முடிந்ததும் அதே துணியோடு அடுத்த செடிக்கு நகர்ந்தான்.

புத்தாண்டு நெருங்கியதும் ஊரே வீட்டை உலுக்கித் துடைத்துக்கொண்டிருந்தது. மாடிகளில் கம்பளங்கள் தொங்கின. லாரிக்காரர்கள் வரும்முன் இலைகளைப் பால் கலந்த வெந்நீரால் துடைத்து மெருகேற்றுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். அவளுக்கு அந்தப் புளிப்பு இப்போது புரிந்தது. அவனுக்கு உமித்தூள் என்றால் என்னவென்று தெரியாது. அவள் சொன்னதில்லை. அவன் பார்த்ததெல்லாம் மனைவியின் செடிகள்மேல் குப்பை. ஒரு துணி சிலந்திப்பேன்களைச் செடி செடியாக ஏற்றி இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. வேட்டைப்பேன்களை வழித்துக் கிண்ணத்தில் மூழ்கடித்துக்கொண்டிருந்தது.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நிறுத்து என்று கத்த வேண்டும். ஆனால் இரண்டு வருடத்தில் அவன் இப்படி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை. இன்னும் ஒரு செடி போகட்டும் என்று விட்டாள். பிறகு, அந்த ஒரு செடியில் எத்தனை செத்திருக்கும் என்று நினைத்து எழுந்தாள்.

காலடி கேட்டு அவன் திரும்பினான். திருடனைப்போல விழிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான்.

"பாத்துட்டியா? முழுசா முடிச்சிட்டுக் காட்டலாம்னு இருந்தேன். எப்படி? கண்ணாடி மாதிரி இல்ல?"

அவள் அவன் மடியிலிருந்த துணியை எடுத்து விரித்தாள். கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"இதைப் பாரு."

அவன் குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"நிறைய இருக்கு."

"ஆமா."

"இதுல நம்மது எது?"

"வேகமா ஓடுறது. ஆரஞ்சு."

"ஓடலியே ஒண்ணும்." பிறகு, "ஒண்ணு காலை ஆட்டுது," என்றான். "அப்ப அந்தத் தூள்..."

"குப்பை இல்ல. அதுலதான் அதுங்க வரும்."

கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் எங்கோ ஒரு தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் துணியை மடித்தான். மீண்டும் பிரித்தான்.

"ஏன் சொல்லல?"

"கவலைப்படுவன்னு."

"கவலைப்படுற ஆளுக்குத்தான் சொல்லுவாங்க." அவன் வரிசையை வாசல்வரை பார்த்தான். வெளிறிய இலைகளை இப்போதுதான் பார்க்கிறவனைப்போல. "யாரு செஞ்சதுன்னு நினைச்சே?"

அவள் சொன்னாள். தெளிப்பான், ஈரம், வாதாம் மரம், செருப்பு. எதையும் விடவில்லை. அவன் முதலில் சிரித்தான். மன்சூர் மரத்தை நக்கச் சொன்ன இடத்தில் கண்ணீர் வரச் சிரித்தான். சிரிப்பு நடுவழியில் நின்றது.

"என்னைச் சந்தேகப்படவே இல்லியா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"சே, இல்ல ஹுஷங்."

அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். சொல்லி முடித்தபோது அது ஆறுதல் இல்லை என்று தெரிந்துவிட்டது. இந்த வீட்டில் எதையாவது செய்யக்கூடிய ஆட்களை அவள் எண்ணியபோது அவன் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அது அவனுக்கும் புரிந்தது. அவன் கை மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தது. அதை அவன் மறைக்கவில்லை.

"மத்தியானத்துல என் படுக்கையைக்கூட நீ எட்டிப் பாக்கல," என்றான். எழுந்து, கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனான். பிளாஸ்டிக்கின் ஊடாக அவன் உருவம் கலங்கலாகப் பனிமேல் ஏறி அண்ணன் வீட்டை நோக்கிப் போவதைப் பார்த்தாள்.

தடுத்திருக்கலாம். அவன் சொல்லாவிட்டால், வேட்டைப்பேன் தோற்றது என்று மட்டும்தான் மன்சூருக்குத் தெரியும், மருந்து வரும். சொன்னால், தம்பி ஒரு துணியால் குடிலைக் கெடுத்தான் என்பது தெரியும். அதற்கப்புறம் மன்சூர் அவனை எப்படிப் பார்ப்பார் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவள் திணறுவதற்கு முன்னாலேயே அவன் எடுத்துவிட்டான்.

இருவரும் திரும்பி வந்தபோது ஹுஷங்கின் தோளில் மன்சூரின் கோட்டு இருந்தது. மன்சூர் அவளைப் பார்க்காமல் செடிகளிடம் பேசினார்.

"இவன் சின்ன வயசுலயே இப்படித்தான். அம்மாவோட கம்பளத்தைக் கழுவுறேன்னு போய் சாயத்தையே கழுவி ஓடையில விட்டவன். மூணு தெரு சிவப்பாத் தண்ணி ஓடிச்சு."

"ரெண்டு தெரு," என்றான் ஹுஷங்.

"மன்சூர் கான், நான் உங்களை அப்படி..." என்று தொடங்கினாள்.

"இப்ப கேக்காதீங்க. இப்ப கேட்டா மன்னிக்க மாட்டேன். புத்தாண்டு அன்னிக்கு வீட்டுக்கு வந்து கேளுங்க. அன்னிக்கு மன்னிக்காம இருக்க முடியாது, வேற வழியில்ல எனக்கு." அவர் ஒரு வெளிறிய இலையைப் பிய்த்து வலையை விரலால் கிழித்தார். "இப்ப இதுக்கு என்ன? வலை இருக்கு. நான் சொன்ன சொல்லும் இருக்கு."

"வலை இந்த வரிசையில மட்டும்தான் இருக்கு, தாதாஷ்," என்றான் ஹுஷங் அண்ணனிடம். "நான் துடைச்ச வரிசை. உள்ள வாங்க."

அவன் அண்ணனை உள்வரிசைக்குக் கூட்டிப்போய் ஓர் இலையைப் புரட்டி உருப்பெருக்கியைக் கையில் திணித்தான். மன்சூர் முனகிக்கொண்டே குனிந்தார். அத்தனை மாதமாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை அவர்.

"அட நாசமாப் போறவனே," என்றார் கடைசியில், இலையைப் பார்த்து. "தலையோட சேர்த்துக் குடிக்குதே."

அதற்குப் பிறகும் வாக்குவாதம் நடந்தது. நடைப்பக்கத்து வரிசை முழுவதையும் பையில் கட்டி வெளியே உறைபனியில் போட்டுவிட்டால், மற்றதற்கு லாரி வரும்வரை மருந்தில்லை என்று மன்சூர் ஒத்துக்கொண்டார். அதற்குள் உள்ளே ஒரு வலை தெரிந்தாலும் பேச்சே கிடையாது. தினம் தானே வந்து பார்ப்பாராம். அவள் கண்ணை நம்ப மாட்டாராம். தரையை நனைத்து ஈரம் காக்க வேண்டும் என்று அவள் சொன்னதற்கு, அதை ஹுஷங்கிடம் சொல்லுங்கள், ஈரமான துணியில் அவன் கைதேர்ந்தவன் என்றார். ஹுஷங் சிரிக்கவில்லை.

அவர்கள் செடிகளைப் பெயர்த்துப் பைக்குள் இறக்கினார்கள். துடைத்த இலைகள் பளபளத்தன. ஹுஷங் தூக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவன் ஒவ்வொரு பையின் வாயையும் தானே கட்டினான்; முடிச்சுக்கு நேரம் பிடித்தது. மன்சூர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனபின் இருவரும் வெறுமையான நடைபாதையோரம் நின்றார்கள்.

"இந்தக் கணப்பு ஏன் இவ்வளவு எரியுது?" என்று ஹுஷங் திடீரென்று கேட்டான்.

"குளிருக்கு."

"குளிர் குறைஞ்சிருக்கு. காத்து காஞ்சா அதுக்குத்தானே கொண்டாட்டம், நீதானே இப்ப அண்ணன்கிட்ட சொன்னே. குறைக்காம ஏன் வச்சிருக்கே?"

அவள் யோசித்தாள். "தெரியல. குறைக்கலாம்."

"அந்தப் புட்டியெல்லாம் எங்க வைக்கிறே?"

"சமையலறை மேல்தட்டுல."

"சூடு பக்கத்துலயா?" அவன் அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். இரண்டு வருடமாக அந்தப் பார்வையை அவள் கண்டதில்லை. எதையோ ஒளிக்கிற கடைக்காரியைப் பார்க்கிற பார்வை. "தூவுறதுக்கு முன்னாலயே பாதி செத்திருக்கும். வேற என்ன எனக்குச் சொல்லாம வச்சிருக்கே?"

அவளுக்குக் கோபம் வந்தது. புட்டிகள் இரண்டு இரவுதான் அங்கே இருந்தன, அதுவும் ஜன்னல் பக்கம் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அது ஜன்னல் பக்கம்தானா என்று அவளுக்கே இப்போது நிச்சயமில்லை.

"நிறைய இருக்கு," என்றாள். "உக்காரு."

அவன் குட்டை நாற்காலியை அவளிடம் தள்ளிவிட்டு, கணப்பின் திருகைக் குறைக்கப் போனான்.